மாஸ்க்கை மாற்றினோம், பிறின்டரைக் காணோம்: வாசகர் கேள்வி – பதில்

வன்னிப் பகுதிக் காரியாலயங்கள், கடைகள், ஆலைகளிலிருந்து வந்த கேள்விகளில், சப்நெற் அளவை, அதாவது ஒரே நெற்வேர்க்கில் அடங்கும் முகவரிகளின் எல்லையைக் காட்டும் மாஸ்க்கை, மாற்றியபின் எழுந்த சிக்கல்களை மட்டும் இம்முறை சேர்த்திருக்கிறோம். நீண்ட கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கக் காரியாலயத்தில் 192.168.1.0, மாஸ்க் 255.255.255.0 என்று இருந்தது. முகவரிகள் போதாததால் றவுட்டரில் மாஸ்க்கை 255.255.254.0 ஆக்கினோம். புதிய கணினிகள் 192.168.0 வரிசையில் முகவரி எடுத்தன. இணையம் எல்லாவற்றிலும் வருகிறது. ஆனால் புதிய கணினிகளிலிருந்து பிறின்ட் போகவில்லை. விரலடையாள இயந்திரத்திலிருந்து வரவுப் பதிவையும் இறக்க முடியவில்லை. பழைய கணினிகளுக்கு எந்தக் குறையும் இல்லை. பிறின்டரில் பழுதா?
– கணக்குப் பிரிவு அலுவலர், கிளிநொச்சி

பதில்: பிறின்டரில் பழுதில்லை, அதன் மாஸ்க்தான் பழையது. றவுட்டரில் நீங்கள் செய்த மாற்றம் றவுட்டருக்கும் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் முறை) மூலம் முகவரி எடுக்கும் கருவிகளுக்கும் மட்டுமே போய்ச் சேரும். கையால் முகவரி பதித்த பிறின்டர், விரலடையாள இயந்திரம், கமராப் பதிவுப்பெட்டி, சேர்வர் எல்லாம் 255.255.255.0 உடனேயே இருக்கும். மாஸ்க் என்பது, யார் தன் பக்கத்து வீடு, யாரிடம் கேற்வே (வெளியே போகும் வாசல், பெரும்பாலும் றவுட்டர்) வழியாகப் போகவேண்டும் என்று ஒவ்வொரு கருவியும் தனக்குத்தானே போடும் கணக்கு. இரண்டு கருவிகள் வெவ்வேறு கணக்குப் போட்டால் போன செய்தி ஒரு வழியிலும் பதில் இன்னொரு வழியிலும் திரும்பும்.

உங்கள் இடத்தில் நடப்பது இதுதான். 192.168.0.57 என்ற புதிய கணினி 192.168.1.20 இல் உள்ள பிறின்டரைத் தேடுகிறது. தன் மாஸ்க்கின்படி பிறின்டர் அதே நெற்வேர்க்கில் இருப்பதால், ஏஆர்பி (ஒரு முகவரி எந்தக் கருவியுடையது என்று நெற்வேர்க்கில் கேட்கும் முறை) மூலம் பிறின்டரின் மேக் முகவரியை, அதாவது அதன் வன்பொருள் அடையாள எண்ணைக் கேட்டு நேராக அனுப்புகிறது. பெரும்பாலான பிறின்டர்கள் ஏஆர்பிக்குப் பதிலும் சொல்லிவிடும். இணைப்புக் கோரிக்கைக்குப் பதில் எழுதும்போதுதான் பிறின்டர் தன் பழைய மாஸ்க்கைப் பார்க்கிறது. 192.168.0.57 வெளியாள் என்று முடிவெடுத்துப் பதிலைக் கேற்வேக்கு அனுப்புகிறது. றவுட்டரோ அந்த இணைப்பின் தொடக்கத்தைக் கண்டதே இல்லை. இணைப்புகளைக் கண்காணிக்கும் ஃபயர்வோல் (தடுப்புக் காவல்) உள்ள றவுட்டர் அதைச் செல்லாத பொதி (தரவுத் துண்டு) என்று எறிந்துவிடும். மைக்ரோடிக் வகை றவுட்டர்களின் இயல்பு அமைப்பிலேயே அப்படியொரு விதி இருக்கிறது. கண்டிப்பில்லாத சில றவுட்டர்கள் பதிலைத் திருப்பிக் கணினிக்கே கொடுத்துவிடும். அங்கே பிறின்ட் வரும், பிறின்டரின் ஒவ்வொரு பதில் பொதியும் றவுட்டரைச் சுற்றிக்கொண்டு வரும். பிறின்டரில் கேற்வே காலியாக விடப்பட்டிருந்தால் பதிலே கிளம்பாது. நம் பக்கத்தில் பிறின்டருக்குக் கேற்வே எதற்கு என்று காலியாக விடுவது சர்வசாதாரணம், முதலில் அதைப் பாருங்கள்.

192.168.1 வரிசையில் உள்ள பழைய கணினிகளைப் பழைய மாஸ்க்கும் புதிய மாஸ்க்கும் ஒரே நெற்வேர்க்கில்தான் வைக்கின்றன, அதனால் அவற்றுக்குக் குறையில்லை. இணையத்துக்குப் போகும் பொதிகளைக் கையாள்வது றவுட்டர். அதன் மாஸ்க் சரியாக இருப்பதால் இணையமும் வருகிறது. "இணையம் வருகிறது, எனவே நெற்வேர்க் சரி" என்று முடிவுகட்டினால் இந்தப் பிழையைப் பிடிக்கவே முடியாது.

உறுதிசெய்ய, புதிய கணினியிலிருந்து பிறின்டருக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) அடித்துவிட்டு, உடனே ஏஆர்பி அட்டவணையைப் பாருங்கள். பிங் போகாமல், அட்டவணையில் பிறின்டரின் மேக் முகவரி மட்டும் விழுந்திருந்தால் கேபிளும் சுவிட்சும் சரி, மாஸ்க்கோ கேற்வேயோதான் குற்றவாளி. மேக் முகவரியும் விழாவிட்டால் கேபிள், விலான் (சுவிட்சுக்குள்ளேயே பிரித்த தனி நெற்வேர்க்), தவறான முகவரி என்று கீழ்மட்டத்தில் தேடவேண்டும். ஆனால் தன் நெற்வேர்க்குக்கு வெளியே உள்ள முகவரியின் ஏஆர்பிக்கு வாயே திறக்காத கருவிகளும் சில உண்டு. எனவே இன்னொரு சோதனையும் செய்யுங்கள். அதே கணினிக்குத் தற்காலிகமாக 192.168.1 வரிசையில் யாரும் பாவிக்காத ஒரு முகவரியைக் கொடுங்கள், மாஸ்க் 255.255.254.0 ஆகவே இருக்கட்டும். பிறின்ட் வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

திருத்தம் எளிது. பிறின்டரின் முன்திரையில் நெற்வேர்க் அமைப்புக்குப் போய் மாஸ்க் 255.255.254.0, கேற்வே 192.168.1.1 என்று பதித்து, அணைத்துப் போடுங்கள். விரலடையாள இயந்திரத்திலும் அதே வேலை. பரவலாக விற்கப்படும் இசட்கே வகை இயந்திரங்கள் 4370 ஆம் போர்ட்டில் (இணைப்புக் கதவு எண்ணில்) பேசுவன, திருத்தியபின் அந்தப் போர்ட் திறக்கிறதா என்று பாருங்கள். கமராப் பதிவுப்பெட்டியின் பின்னால் கமராக்களுக்கென்றே மின்சாரம் தரும் துளைகள் இருந்தால் அவற்றுக்கு வேறு உள்நெற்வேர்க் இருக்கும், அதைத் தொடவேண்டாம். பெட்டியின் வெளித்துளை முகவரியை மட்டும் மாற்றினால் போதும். போட்டோக்கொப்பி இயந்திரம், வைபைப் பெட்டி, நிர்வகிக்கும் சுவிட்ச், ஐபி தொலைபேசி, யூபிஎஸ்ஸின் நெற்வேர்க் அட்டை ஆகியவற்றையும் விடாதீர்கள். அடிக்கடி மறந்துபோவது யூபிஎஸ் அட்டைதான்.

பிறின்டர்களையும் இனி டிஎச்சிபியிலேயே விடுங்கள் என்பது எங்கள் பரிந்துரை. மேக் முகவரியை வைத்து றவுட்டரில் நிரந்தர ஒதுக்கீடு செய்தால் முகவரி மாறாது, அடுத்தமுறை மாஸ்க் மாறும்போது ஏணி எடுத்துக்கொண்டு கமராவுக்குக் கமரா ஏறவும் வேண்டாம்.

கேள்வி: கேற்வே 192.168.1.1, மாஸ்க் 255.255.254.0. இனி இரண்டு மடங்கு முகவரி என்று நம்பிப் புதிய கணினிகளுக்கு 192.168.2.10, 192.168.2.11 என்று கொடுத்தோம். ஒன்றுமே வேலை செய்யவில்லை.
– இரும்புக்கடை, வவுனியா

பதில்: 254 மாஸ்க்கில் மூன்றாம் இலக்கங்கள் இரட்டையில் தொடங்கித்தான் சோடி சேரும். 0 உடன் 1, 2 உடன் 3, 4 உடன் 5. உங்கள் 1 க்குச் சோடி 0, 2 அல்ல. கணினிகளை 192.168.0 வரிசைக்கு மாற்றுங்கள். 2 தான் வேண்டுமென்றால் மாஸ்க் 255.255.252.0 ஆகவேண்டும், அப்போது 0 முதல் 3 வரை ஒரே நெற்வேர்க், 1022 முகவரிகள். 254 மாஸ்க்கில் கிடைப்பது 510.

இன்னொன்று. 192.168.0.0, 192.168.1.255 இரண்டும் கருவிகளுக்குக் கொடுக்கக்கூடாதவை. 192.168.0.255, 192.168.1.0 இரண்டும் சட்டப்படி செல்லும். ஆனால் 0 அல்லது 255 இல் முடியும் முகவரியை ஏற்க மறுக்கும் பழைய கருவிகளும் மென்பொருள்களும் இன்னமும் பாவனையில் உள்ளன. டிஎச்சிபி தொகுதியிலிருந்து அந்த இரண்டையும் விலக்கிவிடுங்கள்.

கேள்வி: அரிசி ஆலைக் கந்தோரில் இணைய நிறுவனம் தந்த றவுட்டருக்குப் பின்னால் எங்கள் சொந்த மைக்ரோடிக் இருக்கிறது. லானை (உள்நெற்வேர்க்கை) 192.168.1.1/24 (மாஸ்க் 255.255.255.0) இலிருந்து /23 (255.255.254.0) ஆக்கினோம். 192.168.0 வரிசைக் கணினிகளுக்கு முகவரி கிடைக்கிறது, ஆனால் கேற்வேக்கே பிங் போகவில்லை. பழைய கணினிகளில் இணையம் வழமைபோல வருகிறது.
– பரந்தன்

பதில்: ஒரு பழைய கணினியிலிருந்து 8.8.8.8 க்கு டிரேஸ்ரூட் (வழியில் உள்ள றவுட்டர்களை வரிசையாகக் காட்டும் கட்டளை) ஓட்டிப் பாருங்கள். முதல் வரியில் 192.168.1.1, இரண்டாம் வரியில் 192.168.0.1 என்று வந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. இணைய நிறுவனத்தின் பெட்டி 192.168.0 வரிசையைப் பாவிக்கிறது. உங்கள் மைக்ரோடிக்கின் வெளித்துளையில் 192.168.0.0/24 இருக்க, உள்துளையில் 192.168.0.0/23 வந்து அதன் மேல் படுத்துவிட்டது. இரண்டு பாதைகள் பொருந்தினால் றவுட்டர் குறுகலான பாதையைத்தான் எடுக்கும். 192.168.0.57 க்குப் போகவேண்டிய பதிலை /24 இருக்கும் வெளித்துளைப் பக்கம் அனுப்பிவிடுகிறது. டிஎச்சிபியின் முதல் பேச்சு அந்தத் துளைக்குள்ளேயே முடிவதால் முகவரி மட்டும் கிடைக்கிறது. 192.168.1 வரிசைக்கு இந்த மோதல் இல்லை, அதனால் பழைய கணினிகள் தப்பின. அவற்றிலிருந்தும் 192.168.0.1 இன் நிர்வாகப் பக்கம் இப்போது திறக்காது, முயன்று பாருங்கள்.

இணைய நிறுவனப் பெட்டியின் உள்முகவரியை 192.168.100.1 போன்ற தூரத்து எண்ணுக்கு மாற்றுங்கள். அல்லது அதை பிரிட்ஜ் முறையில் (றவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறையில்) போடச் சொல்லுங்கள். மாற்ற விடமாட்டார்கள் என்றால் உங்கள் லானை 10 இல் தொடங்கும் வரிசைக்கு நகர்த்துங்கள், உதாரணமாக 10.20.0.0/22 (மாஸ்க் 255.255.252.0). எல்லாக் கருவியையும் எப்படியும் தொடப்போகிறீர்கள் என்றால் எங்கள் தெரிவும் இதுவே. 192.168.0 வரிசையும் 192.168.1 வரிசையும் வீட்டு றவுட்டர்களின் இயல்பு எண்கள். நாளை ஒருவர் வீட்டிலிருந்து விபிஎன் (இணையம் வழியான பாதுகாப்பான தனிப்பாதை) மூலம் வரும்போது அவருடைய வீட்டு எண்ணும் ஆலையின் எண்ணும் மோதும்.

மைக்ரோடிக்கில் வேறு மூன்று இடங்களையும் பாருங்கள். ஏற்கெனவே உள்ள முகவரியில் /24 ஐ /23 ஆகத் திருத்தினால் பக்கத்திலிருக்கும் 'நெற்வேர்க்' பெட்டி பழைய 192.168.1.0 உடனேயே நிற்கக்கூடும், அதை 192.168.0.0 ஆக்குங்கள். கணினிகளுக்குப் போகும் மாஸ்க் டிஎச்சிபியின் 'நெற்வேர்க்ஸ்' பகுதியிலிருந்து வருகிறது, அங்கேயும் 192.168.0.0/23 வேண்டும். நாட் விதியில் (உள்முகவரிகளை வெளிமுகவரியாக மாற்றும் விதியில்) மூல முகவரி 192.168.1.0/24 என்று எழுதியிருந்தால் புதிய வரிசைக்கு இணையம் போகாது. கேற்வேக்குப் பிங் போகும், வெளியே போகாது என்பது அதன் அறிகுறி.

கேள்வி: சேர்வர் உட்பட எல்லாக் கருவிகளிலும் மாஸ்க்கை மாற்றிச் சரிபார்த்துவிட்டோம். எல்லா இடத்துக்கும் பிங் போகிறது. ஆனால் புதிய வரிசைக் கணினிகளில் கணக்கு மென்பொருள் திறக்கவில்லை, பகிர்ந்த கோப்புறையும் வரவில்லை. மல்லாவிக் கிளையிலிருந்தும் புதிய கணினிகளை அடைய முடியவில்லை.
– முல்லைத்தீவு

பதில்: பிங் போகிறதென்றால் மாஸ்க் வேலை முடிந்தது. இனித் தேடவேண்டியது, 192.168.1 என்று யாரோ எப்போதோ எழுதிவைத்த இடங்களை.

புதிய கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து 'டெஸ்ட்-நெற்கனெக்ஷன்' கட்டளையால் சேர்வரின் போர்ட்டுகளைத் தட்டிப் பாருங்கள். கோப்புறைக்கு 445. தரவுத்தளத்துக்கு மைஎஸ்கியூஎல் என்றால் 3306, மைக்ரோசொஃப்ட் எஸ்கியூஎல் என்றால் வழமையாக 1433, போஸ்ட்கிரெஸ் என்றால் 5432. போர்ட் திறக்கவில்லை என்றால் ஃபயர்வோல். திறந்தும் மென்பொருள் மறுத்தால் அனுமதி.

விண்டோஸ் ஃபயர்வோலில் 'லோக்கல் சப்நெற்' என்று இருக்கும் விதிகள் சேர்வரின் மாஸ்க்கைப் பின்பற்றித் தாமாகவே விரியும். 192.168.1.0/24 என்று கையால் எழுதிய விதிகள் விரியாது. நெற்வேர்க் வகை 'பப்ளிக்' ஆக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள், முகவரி மாற்றங்களின்போது கேற்வே சிறிது நேரம் தவறாக இருந்தாலே அப்படி ஆகிவிடும், கோப்புப் பகிர்வும் நின்றுபோகும்.

மைஎஸ்கியூஎல்லில் பயனர் கணக்கு '192.168.1.%' என்று உருவாக்கப்பட்டிருந்தால் 0 வரிசையிலிருந்து வருபவருக்கு 1130 என்ற பிழை எண் வரும், சிலவேளை 1045 வரும். '192.168.0.0/255.255.254.0' என்ற வடிவில் பயனரை உருவாக்கி அதே உரிமைகளைக் கொடுங்கள். அவசரத்தில் வெறும் '%' போட்டு எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் இதே வேலை பிஜி-எச்பிஏ என்ற அனுமதிக் கோப்பில், 192.168.1.0/24 என்ற வரியை 192.168.0.0/23 ஆக்கி மீள ஏற்றவேண்டும்.

மல்லாவிப் பக்க றவுட்டருக்கு 192.168.1.0/24 மட்டுமே விபிஎன் வழியாகப் போகும் என்று சொல்லப்பட்டிருக்கும், அதை /23 ஆக்குங்கள். ஐபிசெக் வகை விபிஎன் என்றால் இரு முனைகளிலும் ஒரே அளவு எழுதவேண்டும், ஒரு முனையில் மட்டும் மாற்றினால் உள்ள இணைப்பும் விழும். மல்லாவியின் சொந்த லான் 192.168.0 வரிசையில் இல்லை என்பதையும் முதலில் உறுதிசெய்யுங்கள். இருந்தால் பரந்தன் வாசகருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

கேள்வி: விண்டோஸ் சேர்வரில் டிஎச்சிபி ஸ்கோப்பின் (வழங்கும் முகவரித் தொகுதியின்) மாஸ்க் பெட்டி மங்கலாக இருக்கிறது, எழுத விடவில்லை.
– மன்னார்

பதில்: விடாது. ஸ்கோப்பை உருவாக்கியபின் மாஸ்க்கை மாற்ற முடியாது; அழித்துப் புதிதாக உருவாக்கவேண்டும். நிரந்தர ஒதுக்கீடுகளும் சேர்ந்து அழியும், முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கருவி தனக்குக் கிடைத்த முகவரியை வைத்திருக்கும் இயல்பு வாடகைக் காலம் 8 நாள், கணினிகள் அதில் பாதி கழிந்ததும்தான் புதுப்பிக்கும். எனவே மாற்றும் நாளுக்கு 4 நாளுக்கு மேல் முன்னதாகவே காலத்தை 1 மணிநேரமாகக் குறைத்து விடுங்கள். புதிய ஸ்கோப்புக்கு ஏற்கெனவே யாரிடம் எந்த முகவரி இருக்கிறது என்று தெரியாது. ஐபிவி4 பண்புகளின் மேம்பட்ட பகுதியில் முரண்பாட்டுச் சோதனையை 1 அல்லது 2 ஆக வைத்தால், கொடுக்கும் முன் பிங் அடித்துப் பார்த்துக் கொடுக்கும்.

கேள்வி: எங்கள் பயிற்சி நிலையத்தில் 40 கணினிகள். காலை 8 முதல் 12 வரை 150 பேர், பின்னேரம் 1 முதல் 5 வரை வேறு 150 பேர். எல்லோரும் போனில் வைபை எடுக்கிறார்கள். பின்னேரத்தில் முகவரி முடிந்துவிடுகிறது. /22 ஆக்குவது எப்படி?
– மாங்குளம்

பதில்: ஆக்கவேண்டாம். உங்களிடம் ஒரே நேரத்தில் இருப்பது 190 கருவிகள், /24 இல் 254 முகவரிகள் உண்டு. வாடகைக் காலம் 24 மணிநேரமாக இருக்கும்; காலையில் வந்தவர்களின் 150 முகவரிகளும் அவர்கள் வீட்டுக்குப் போனபின்னும் பூட்டியே கிடக்கும். 340 க்கு 254 எப்படிப் போதும்? காலத்தை 1 மணிநேரமாக வையுங்கள். 12 மணிக்கு வெளியேறும் கடைசிப் போனின் முகவரியும் 1 மணிக்குள் விடுபட்டுவிடும். 2 மணிநேரம் என்றால் 1 மணிக்கும் பெரும்பாலானவை விடுபடாமல் நிற்கும். அன்ட்ரொயிட் 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் சொந்த மேக் முகவரியை மறைத்துப் போலி மேக் முகவரி காட்டுவதால், வைபையை 'மறந்து' மீண்டும் சேரும் போன் இரண்டாவது முகவரியையும் எடுக்கக்கூடும். அதற்கும் குறுகிய காலமே மருந்து.

/22 ஆக்கினால் பிழை வேறிடத்தில் தலைகாட்டும். பிராட்காஸ்ட் பொதிகளை (எல்லாக் கருவிகளுக்கும் ஒரேயடியாகப் போகும் செய்திகளை) வைபை மிகக் குறைந்த வேகத்தில் அனுப்புவதால், போன்கள் கூடக் கூட எல்லோருக்குமே இழுபடும். கணினிகளையும் போன்களையும் இரண்டு விலான்களாகப் பிரிப்பதே முறையான வேலை. மாணவர் போனுக்கு உங்கள் கணக்குக் கணினி தெரியவேண்டிய தேவையும் இல்லை.

கேள்வி: /23 ஆக மாற்றி எல்லாம் சரியாக ஓடியது. கரண்ட் நின்று வந்தால் மட்டும் சில கணினிகளில் பழைய 255.255.255.0 திரும்பி வருகிறது.
– புதுக்குடியிருப்பு

பதில்: இரண்டு காரணங்களைப் பாருங்கள். சிஸ்கோ போன்ற றவுட்டர்களிலும் சுவிட்சுகளிலும் செய்த மாற்றம் ஓடும் நினைவகத்தில்தான் இருக்கும். ஓடும் அமைப்பைத் தொடக்க அமைப்பில் நகலெடுக்காவிட்டால் கரண்ட்டோடு அது போய்விடும். இணையப் பக்கம் வழியாக நிர்வகிக்கும் சில சுவிட்சுகளிலும் 'அப்ளை' வேறு, 'சேவ்' வேறு. மைக்ரோடிக் தானாகவே சேமிக்கும். ஆனால் 'சேஃப் மோட்' இல் இருக்கும்போது இணைப்பு அறுந்தால் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும்.

எல்லாக் கணினிகளிலும் அல்லாமல் சிலவற்றில் மட்டும் வருகிறதென்று எழுதியிருப்பதால், எங்கள் சந்தேகம் இரண்டாவது டிஎச்சிபி மீது. பழைய மாஸ்க் திரும்பி வந்த கணினியொன்றில் ஐபிகொன்ஃபிக் கட்டளையை 'ஓல்' சேர்த்து இயக்கி 'டிஎச்சிபி சேர்வர்' வரியைப் படியுங்கள். அதில் உங்கள் றவுட்டரின் முகவரி இல்லாமல் வேறொன்று இருந்தால், வைபைக்காக எங்கோ மூலையில் மாட்டிய பழைய றவுட்டர் முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறது. அது உங்கள் பிரதான றவுட்டரை விட விரைவாக எழும்பும். கரண்ட் வந்ததும் முதலில் கேட்கும் கணினிகள் அதனிடம் மாட்டுகின்றன. இரண்டுமே எழும்பாத நேரத்தில் கேட்டவை 169.254 இல் தொடங்கும் முகவரியோடு நிற்கும். றவுட்டருக்கும் சுவிட்சுக்கும் மட்டும் ஒரு சிறிய யூபிஎஸ் வைத்தால் அந்தத் தொல்லை தீரும், பழைய றவுட்டரின் தொல்லை தீராது.

பழைய பெட்டியை வைபைக்கு வைத்திருப்பதென்றால் முதலில் அதன் டிஎச்சிபியை நிறுத்துங்கள். கேபிள் லான் துளைகளில் ஒன்றிலேயே இருக்கட்டும், வான் (இணையப் பக்கத்) துளை காலியாகக் கிடக்கட்டும். அதன் சொந்த முகவரியை 192.168.1.2, மாஸ்க்கை 255.255.254.0 ஆக்கி, அந்த முகவரி பிரதான றவுட்டர் வழங்கும் தொகுதிக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பழைய மாஸ்க்கோடு நிற்கும் கணினிகளில் முகவரியை விடுவித்து மீண்டும் எடுக்கச் செய்யுங்கள்.